பத்தாம் நம்பர் குறி

நெட் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்காக யாரும் நெட் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை. கரண்ட் கம்பம் ஏறுகிறவர், தண்ணீர் டேங்க் திறந்துவிடுகிறவர், லிஃப்ட் மெக்கானிக் என்று இதே ஜாதகத்தில் பிறந்தவர்கள் இன்னும் பலர் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் நம் பெயர் ஞாபகத்துக்கு வரும். நீங்களும் அப்படி ஒரு வேலையில் மாட்டியிருந்தால், இதைப் படிக்கும்போது அங்கங்கே பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

விழுப்புரத்தில் கேபிள் டி.வி. நடத்தி, பிறகு அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த ஒரு சின்னக் கம்பெனியில் நான் நெட்வொர்க் இன்ஜினியர். முதலாளி ஏழுமலை அண்ணன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை எங்கள் இணைப்புகள். திண்டிவனம் பக்கம் கம்பம் ஏறி, வீடு வீடாகப் பெட்டி மாட்டி, வாடிக்கையாளரிடம் நேரில் திட்டு வாங்குவது சகாயராஜ். விழுப்புரம் கன்ட்ரோல் ரூமில் ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்து அதே திட்டைப் போனில் வாங்குவது நான். வேலையில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று சொன்னது அடக்கத்துக்காக.

ஏழு மணிக்கு வரும் போன்

சாயங்காலம் ஏழு மணி ஆனால் எங்கள் லைன் நிரம்பி வழியும். சீரியல், கிரிக்கெட், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோ கால், கடைக்குக் கடை மாட்டியிருக்கும் கேமரா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். பாதி வீட்டில் படம் நடுவில் நின்று சுற்றும். உடனே எனக்குப் போன் வரும். "லைட்டு எரியுது, நெட்டு வரல" என்பார்கள். "கேபிள் டி.வி. காலத்துல இந்தப் பேஜாரு இல்ல" என்பார்கள். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒரு காதில் வாங்கிக்கொண்டே மறு கையால் டீ குடிக்கத் தெரியும்.

பழகாத போன் ஒன்றே ஒன்றுதான். அது திண்டிவனம் பைபாஸ் ஓரம் இருக்கும் ஸ்கேன் சென்டரிலிருந்து வரும். ஸ்டெல்லா என்று அங்கே ஒரு டெக்னீஷியன். ஹைவேயில் அடிபட்டு வருகிறவர்களுக்குத் தலையில் ஸ்கேன் எடுப்பது அவர் வேலை. படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டர் இருப்பது சென்னையில். ஆளை இங்கேயே வைத்துப் பார்க்கலாமா, உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். படம் அவரிடம் போவது எங்கள் லைன் வழியாக. காலையில் இரண்டு நிமிஷத்தில் போகிற படம், ஏழு மணிக்கு இருபது நிமிஷம் எடுக்கும்.

ஸ்டெல்லா ஒரு நாளும் கத்தியதில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு நாள் சாயங்காலமும் அப்படி மெதுவாகத்தான் சொன்னார்.

"மேடம், படம் போகல. ஆம்புலன்ஸ் டிரைவர் இன்ஜின ஆஃப் பண்ணாம நின்னுக்கினு இருக்காரு."

சந்தனம்

மறுநாள் காலையில் ஏழுமலை அண்ணனிடம் போய், ஸ்கேன் சென்டருக்குத் தனி வழி விடப்போகிறேன் என்றேன். எப்படி என்று கேட்டார். அண்ணனுக்கு எதையும் புரியவைத்தால்தான் கையெழுத்து வரும். நெட்டில் எதுவும் முழுசாகப் போவதில்லை, துண்டு துண்டாகத்தான் போகும், ஒவ்வொரு துண்டுக்கும் பாக்கெட் என்று பெயர், ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் எங்கிருந்து எங்கே என்று முகவரி இருக்கும், அந்த முகவரி ஒரு நம்பர் என்று ஆரம்பித்தேன். நம் கன்ட்ரோல் ரூமில் ஃபயர்வால் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, எல்லாப் பாக்கெட்டும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அது முகவரியைப் பார்த்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு குறி போடும். ஸ்கேன் சென்டர் முகவரி என்றால் பத்தாம் நம்பர் குறி. பள்ளிக்கூடம், ஆபீஸ் என்றால் இருபது. மற்ற எல்லோருக்கும் முப்பது. லைன் நிரம்பினால் பத்து முதலில் போகும், முப்பது காத்திருக்கும். அவ்வளவுதான்.

அண்ணன் தன் நிலத்தில் விளைந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வேகவைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே யோசித்தார். பிறகு, அந்தக் குறி சென்னை டாக்டர் வரைக்கும் கூடவே போகுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. போகாது, நம் பெட்டிக்குள் மட்டும்தான், நம் வாசலைத் தாண்டிவிட்டால் குறி இருந்த சுவடே தெரியாது என்றேன். அண்ணன் தலையாட்டினார்.

"கல்யாண மண்டபத்துல கையில வெக்கிற சந்தனம் மாதிரின்னு சொல்லு. வூடு வர்றதுக்குள்ள காஞ்சி உதுந்துடும்."

மரியாதையால் கெட்டது

அன்றே குறி போட்டேன். சாயங்காலம் ஆறரைக்குக் காலை நீட்டி உட்கார்ந்து, ஸ்டெல்லாவின் படங்கள் பறக்கப்போவதைத் திரையில் பார்க்கத் தயாரானேன். பத்தாம் நம்பர் கணக்கில் ஒரு பாக்கெட்கூட இல்லை. பூஜ்யம். ஸ்கேன் சென்டரில் வேலை நடந்துகொண்டிருந்தது, படம் ஏதோ ஒரு வழியில் போய்க்கொண்டும் இருந்தது, ஆனால் என் ராஜபாட்டை காலியாகக் கிடந்தது.

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஃபயர்வால் பெட்டி நான் எழுதிவைத்த விதிகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வரும். கடைசி விதிவரை நிற்காது. நான் முக்கியமானவர்கள் என்ற மரியாதையில், கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது மாதிரி, ஸ்கேன் சென்டரை எல்லாருக்கும் மேலே எழுதியிருந்தேன். 'எல்லோருக்கும் முப்பது' என்பதைக் கடைசியில் எழுதியிருந்தேன். பெட்டி முதலில் பத்து போட்டது, கீழே வந்ததும் அதை அழித்துவிட்டு முப்பது போட்டது. வரிசையைத் தலைகீழாக்கினேன். அடுத்த நொடியே பத்தாம் நம்பர் ஓட ஆரம்பித்தது. சந்தோஷத்தில் சகாயராஜுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் திண்டிவனத்தில் ஏதோ ஒரு கம்பத்தின் மேலிருந்தே பதில் சொன்னார்.

"இதுக்கா ஒரு மணி நேரம் மேடம்? எலெக்ஷன் டைம்ல சுவத்தப் பாருங்க. கடைசியா எவன் வெள்ளையடிச்சி எழுதுறானோ, அவன் கட்சிதான் தெரியும்."

கடைசி பெஞ்சு

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவிடமிருந்து ஏழு மணிப் போன் நின்றது. நன்றி சொல்லவும் போன் வரவில்லை. முதல் வரியிலேயே சொன்னேனே, இந்தத் தொழிலில் மௌனம்தான் மாலை மரியாதை. நான் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தேன்.

ஆனால் ஏழுமலை அண்ணனால் மௌனமாக இருக்க முடியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, நம் பொண்ணு ஒரு குறி போடுது, போட்டால் நெட் பறக்குது என்று பெருமை அடித்துவிட்டார். மறுநாளிலிருந்து ஊருக்கே குறி வேண்டியிருந்தது. அண்ணனின் மச்சான் கேட்டார், ஜவுளிக்கடைக்காரர் கேட்டார், மாப்பிள்ளை வீட்டாரோடு வீடியோவில் பேச வேண்டும், ஒரே ஒரு நாளைக்கு மட்டும் போடுங்கள் என்று ஒரு அம்மா கேட்டார். எல்லோருக்கும் பத்து போட்டால் பத்துக்கு என்ன மதிப்பு? யாருக்கும் போடவில்லை. மச்சானுக்குப் போடாததற்கு அண்ணன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு மூன்றாம் நாள் தானாகவே மல்லாட்டை வந்தது.

திருவாமாத்தூரிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். மகன் துபாயில், பேரன் முகம் சரியாகத் தெரிவதில்லை என்றார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் கதையைச் சொல்லி, அதனால் உங்களுக்கு முப்பதுதான் சார் என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முப்பத்தஞ்சு வருஷம் யாரு முதல் பெஞ்சு, யாரு கடைசி பெஞ்சுன்னு நான் சொல்லிக்கினு இருந்தேம்மா. அந்தப் பாவந்தான் இப்ப என்னக் கடைசி பெஞ்சுல கொண்ணாந்து உக்கார வெச்சிடுச்சி."

ஒரு பாராட்டு

ஒரு புதன்கிழமை, நடக்காதது நடந்தது. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கும் முருகேசன் போன் செய்தார். சாயங்கால வியாபாரம், கடையில் பெரிய டி.வி., மேட்ச் நடுவில் படம் சுற்றினால் சாப்பிடுகிறவர்கள் கல்லாவைப் பார்த்துக் கத்துவார்கள், அவர் என்னைப் பார்த்துக் கத்துவார். இதுதான் எங்கள் நட்பு. அதனால் அவர் நம்பரைப் பார்த்ததும் தானாகவே டீ கிளாசைக் கையில் எடுத்தேன்.

முருகேசன் கத்தவில்லை. இரண்டு நாளாகப் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார். மாடியில் இன்னொரு டி.வி.யும் போட்டுவிட்டேன், அதுவும் நிற்காமல் ஓடுகிறது என்றார். இந்த வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு போன் எனக்கு வந்ததில்லை. அண்ணனிடம் சொன்னேன், வீட்டில் கணவரிடம் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருப்பேன், அவர் தூங்கிவிட்டார். முருகேசன் கடைசியில் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"இந்த ஊர்ல நெட்டுன்னா அது நீங்கதான் மேடம். குடும்பத்தோட வாங்க, கொத்து பரோட்டா நம்ம செலவு."

ஓடுகிற கணக்கு

மறுநாள் வியாழன், சாயங்காலம் ஆறே முக்கால். ஸ்டெல்லா போன் செய்தார். ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை மூட்டையோடு மொபெட்டிலிருந்து விழுந்த பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஸ்கேன் எடுத்துப் பத்து நிமிஷம் ஆகிறது, படம் போகவில்லை என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் பக்கம் தப்பு வர வாய்ப்பே இல்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். ஏனென்றால் சொல்லும்போதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்றால் சும்மா இல்லை, முன்பு இருந்ததைவிட ஏழெட்டு மடங்கு. "உங்க படம் பிரமாதமா போய்க்கிட்டு இருக்குங்க, உங்க கம்ப்யூட்டர ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். வாடிக்கையாளர்கள் எங்களை எதற்காகச் சபிக்கிறார்களோ, அதே வாக்கியம். ஸ்டெல்லா அப்போதும் கத்தவில்லை.

"நல்லா போவுதுன்னு உங்க திரை சொல்லுது மேடம். இங்க இவரு பொண்ணு என் கையப் புடிச்சிக்கினு நிக்குது. போன அது கிட்ட குடுக்கறேன், நீங்களே சொல்லிடுங்க."

யார் வீட்டில் யார்

போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அப்போதுதான் எனக்குக் கேட்கவேண்டிய கேள்வி தோன்றியது: ஏழெட்டு மடங்கு ஏன்? ஒரு ஸ்கேன் சென்டர் அவ்வளவு படம் எடுத்தால் திண்டிவனத்தில் ஒருவருக்கும் தலை மிச்சமிருக்காது. இன்னொரு போனில் கூப்பிட்டால், சகாயராஜ் நல்ல வேளையாக ஸ்கேன் சென்டர் தெருவிலேயே இருந்தார். ஜல்தியாக உள்ளே போய், அங்கே மாட்டியிருக்கும் நம் பெட்டியின் முகவரியைப் படிக்கச் சொன்னேன். ஸ்டெல்லாவின் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் குறி போட்டு வைத்திருந்த முகவரி அது இல்லை. அப்படியானால் பத்தாம் நம்பர் முகவரியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தேடினேன். திரையில் வந்த பெயர், முருகேசன் பரோட்டாக் கடை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை இடி இடித்ததில் ஸ்கேன் சென்டரில் இருந்த பெட்டி கருகிவிட்டது. சகாயராஜ் புதுப் பெட்டி மாட்டினார். புதுப் பெட்டிக்குப் புது முகவரி கிடைத்தது. பழைய முகவரி சும்மா இருந்தது. அன்றைக்கு விழுப்புரத்தில் கரண்ட் போய் வந்தபோது, பரோட்டாக் கடைப் பெட்டி முழித்துக்கொண்டு முகவரி கேட்டது, கன்ட்ரோல் ரூம் கணினி இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. நான் குறி போட்டது ஸ்டெல்லாவுக்கு இல்லை, ஒரு நம்பருக்கு. குடியிருப்பவர் மாறினால் நம்பருக்கு என்ன தெரியும்? முகவரியைப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வைக்க வேண்டும், பெட்டி மாறினால் பூட்டையும் மாற்ற வேண்டும். இது படித்த பாடம்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெட்டி மாற்றிய அன்றே சகாயராஜ் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 'ஸ்கேன் பாக்ஸ் மாத்தியாச்சு' என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே நான் கட்டை விரல் போட்டிருந்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் சாயங்காலத்தில் அவசரக் கேஸ் வராததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம், திறமை இல்லை.

குறியைப் புது முகவரிக்கு மாற்றி, முகவரியை அந்தப் பெட்டிக்கே பூட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. படம் போனது. டாக்டர் பார்த்துவிட்டு, மண்டைக்குள் ரத்தக் கட்டு, உடனே பாண்டிச்சேரி என்றார். ஆம்புலன்ஸ் கிளம்பும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். பெரியவர் பிழைத்தார், அடுத்த மாதம் மறு ஸ்கேனுக்குத் தானே நடந்து வந்தார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டெல்லாவுக்கு என் மன்னிப்பை வாங்கிவைக்க நேரம் இல்லை.

"அதெல்லாம் அப்புறம் மேடம். இந்த அட்ரஸ் இனிமே எங்க எடத்த வுட்டு நகராதுல்ல? அத மட்டும் சொல்லுங்க."

முருகேசனின் புகார்

வெள்ளிக்கிழமை எதிர்பார்த்த போன் எதிர்பார்த்த நேரத்தில் வந்தது. படம் மறுபடி சுற்றுகிறது, இரண்டு நாளைக்கு முன்னால்தான் புகழ்ந்தேன், கண்ணு பட்டுவிட்டதா என்று முருகேசன் பொரிந்தார். போனில் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். லைனில் வேலை நடக்கிறது என்று ஒரு வாக்கியம் எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும். அதைச் சொல்ல மனசு வரவில்லை. ஆபீசிலிருந்து நேராகக் கடைக்குப் போனேன்.

கொத்து பரோட்டா ஓசியில் சாப்பிட வந்திருக்கிறேன் என்று நினைத்து ஓரமாக இடம் போட்டார். நான் சாப்பிடவில்லை. நடந்ததை முழுசாகச் சொன்னேன்: பத்தாம் நம்பர், கருகிய பெட்டி, கைமாறிய முகவரி, மல்லாட்டை மூட்டைக்காரப் பெரியவர், என் கட்டை விரல். உங்கள் கடைக்குத் திரும்ப முப்பதுதான், அதை மாற்ற முடியாது, வேறு கம்பெனிக்குப் போவதானால் நான் தடுக்கவும் மாட்டேன் என்றேன். கல்லுக்குப் பக்கத்தில் மாவு அடித்துக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். முருகேசன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மேட்ச் நின்று நின்று ஓடியது. யாரும் கத்தவில்லை.

"இன்னா மேடம் சொல்றீங்க? அப்போ இத்தினி நாளா ஆம்புலன்ஸுக்கு வழி வுடாம நட்டநடு ரோட்டுல நாற்காலி போட்டு குந்திக்கினு நான் மேட்ச் பாத்துக்கினு இருந்தேனா?"

இப்போதெல்லாம் யாராவது போன் செய்து நெட் சூப்பராக இருக்கிறது என்று சொன்னால், நன்றி சொல்வதற்கு முன்னால் அவர் யாருடைய முகவரியில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.